ஆட்டோசாம்ப்ளரும் டிடெக்டரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டுமானால்

பெங்களூரு பீன்யாவில் மருந்துப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில் பணிபுரியும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் எச்.பி.எல்.சி.யின் பம்பும் யு.வி. டிடெக்டரும் ஒரு நிறுவனத்தினுடையவை, ஆட்டோசாம்ப்ளர் வேறொன்றினுடையது. ஒரே கரைசலை ஆறு முறை செலுத்தினாலும் பீக் வரும் நேரம் இரண்டு மூன்று நொடி முன்பின்னாகிறது. இரவில் ஓடவிட்டால், சில சமயம் ஒரு வயலுக்கு (மாதிரி வைக்கும் சிறு குப்பிக்கு) மட்டும் குரோமட்டோகிராம் பதிவாவதே இல்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை."

எச்.பி.எல்.சி. என்பது, பம்ப் தள்ளும் திரவத்தோடு மாதிரியைக் காலம் என்ற குழாய் வழியே ஓட்டி, அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் கருவி. மாதிரியைச் செலுத்துவது ஆட்டோசாம்ப்ளர்; வெளியேறும் ஒவ்வொரு பொருளையும் குரோமட்டோகிராம் என்ற வரைபடத்தில் ஒரு முகடாக, அதாவது பீக்காக, காட்டுவது டிடெக்டர். வாசகர் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது 'ஸ்டார்ட்' சிக்னலைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டாவது, 'நான் தயார்' என்று ஒரு கருவி மற்றதற்குச் சொல்லும், பலரும் இணைக்காமலே விட்டுவிடும் 'ரெடி' சிக்னலைப் பற்றியது.

கேபிளை மறுபடி தொடுவதற்கு முன், பிழை சிக்னலில்தானா என்று பாருங்கள். மொபைல் ஃபேஸின் (பம்ப் தள்ளும் திரவத்தின்) கலவையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, காலத்தில் தங்காமல் வெளியேறும் யுராசில் என்ற பொருளையும் தாமதமாக வரும் ஒரு பொருளையும் சேர்த்து ஆறு முறை செலுத்துங்கள். இரண்டு பீக்குகளும் ஒரே அளவு நகர்ந்தால் குற்றவாளி ஸ்டார்ட் சிக்னல். பிந்திய பீக் அதன் நேரத்துக்கேற்ற விகிதத்தில் அதிகமாக நகர்ந்தால் பம்பின் ஓட்டத்தைச் சோதியுங்கள். யுராசில் அசையாமல் மற்றது மட்டும் நகர்ந்தால் வெப்பநிலையோ கலவையோ மாறுகிறது. அதற்கு வயரிங்கில் மருந்து இல்லை.

ஸ்டார்ட் சிக்னல்தான் என்றால், அது எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். கணினி மென்பொருள் சாம்ப்ளருக்கு உத்தரவு கொடுத்த கையோடு டிடெக்டரையும் தொடங்கிவிட்டால், ஊசியைக் கழுவி, வயலிலிருந்து உறிஞ்சி, மாதிரியை ஓட்டத்துக்குள் விடும் வால்வைத் திருப்புவதற்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறுவதால், அந்த வித்தியாசம் அப்படியே பீக்கின் நேரத்தில் ஏறிவிடும். இன்ஜெக்‌ஷன் வால்வு திரும்பும் கணமே பூஜ்ஜிய நேரமாக இருக்க வேண்டும். பெரும்பாலான சாம்ப்ளர்களின் பின்புறத்தில் இதற்கென்று ஒரு ஜோடி முனைகள் உண்டு. அவை பொதுவாக, காலிங்பெல் சுவிட்சைப் போல, தமக்கென மின்னழுத்தம் இல்லாமல் இரண்டு வயரைச் சேர்த்துப் பிரிப்பவை.

டிடெக்டரின் ஸ்டார்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 5 வோல்ட் காட்டினால், கிரவுண்டோடு சேர்த்தால் தொடங்கும் வகையாக இருக்கும். கையேட்டில் உறுதிசெய்துகொண்டு, ஒரு துண்டு வயரால் இரண்டையும் கணநேரம் தொட்டால் ஓட்டம் தொடங்க வேண்டும். அடுத்து, மீட்டரை பஸ்ஸரில் வைத்துச் சாம்ப்ளரின் முனைகளில் பிடித்தபடி ஒரு இன்ஜெக்‌ஷன் போடுங்கள். வால்வு திரும்பும்போது ஒலித்தால் சரி. ஊசி இன்னும் வயலுக்குள் இருக்கும்போதே ஒலித்தால், அந்த வெளியீடு தவறான நிகழ்வுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. சாம்ப்ளர் நேரடியாக 5 வோல்ட் பல்ஸ் கொடுக்கும் வகையானால், அதை டிடெக்டரோடு நேராக இணைக்காதீர்கள், பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் எளிதில் கிடைக்கும் ஒரு சிறு ரிலே மாட்யூலை (சிக்னல் வந்தால் மூடும் சுவிட்சை) நடுவில் வையுங்கள். பல்ஸின் நீளத்தை ஒரு நொடி என்று வைப்பது என் வழக்கம்: மிகக் குறுகினால் சில கருவிகள் கவனிப்பதில்லை, ஓட்டம் முடியும்வரை நீடித்தால் சில கருவிகள் மறுபடி தயாராவதில்லை.

இனி, காணாமல் போன குரோமட்டோகிராம். முந்தைய ஓட்டத்தை டிடெக்டர் இன்னும் முடிக்காதபோது வரும் ஸ்டார்ட் பல்ஸ் வீணாகிவிடுகிறது. அதை அறியாத சாம்ப்ளரோ அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. இடைவெளியைச் சில நிமிடம் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டிடெக்டரின் ரெடி வெளியீட்டைச் சாம்ப்ளரின் ரெடி உள்ளீட்டில் இணையுங்கள். பம்பிலும் அத்தகைய வெளியீடு இருந்து, இரண்டும் தயாரானதும் மூடும் தொடர்புகளாக இருந்தால், தொடர் இணைப்பில் போடுங்கள். இரண்டும் மூடினால்தான் வால்வு திரும்பும்.

இந்த வயர்களில் மின்னிரைச்சல் ஏறாமலிருக்க, ஒரு கருவி யு.பி.எஸ்.ஸிலும் மற்றது சுவர் பிளக்கிலும் இருந்தால் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றுங்கள், கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றிய உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். தரக்கட்டுப்பாட்டுக் கூடமென்றால் மாற்றப் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள்.

இணைத்தபின் அதே ஆறு இன்ஜெக்‌ஷன்களைத் திரும்பப் போடுங்கள். பிறகு, வேண்டுமென்றே டிடெக்டரின் விளக்கை அணைத்துவிட்டு ஏழாவதைத் தொடங்குங்கள். சாம்ப்ளர் லூப்பை (மாதிரியைப் பிடித்துவைக்கும் சிறு குழாயை) நிரப்பிக்கொண்டு அப்படியே காத்திருக்க வேண்டும். விளக்கு எரிந்து டிடெக்டர் தயாரான பிறகே வால்வு 'டக்' என்று திரும்ப வேண்டும்.