ராத்திரியில் ரயில் எங்கே போகிறது? லைட் ரயில் பணிமனை பற்றிய கேள்வி பதில்

திருச்சிக்கு மெட்ரோ வருமா, லைட் ரயில் (டிராம் போன்ற இலகுரக நகர ரயில்) வருமா என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து டெல்டா நண்பர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாத்தியக்கூறு அறிக்கையில் சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர் என்று இரண்டு தடங்கள் பேசப்பட்டன. எல்லாரும் தடம் எங்கே, நிலையம் எங்கே என்றுதான் பார்க்கிறார்கள். பணிமனை எங்கே என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நல்ல இடம் அமையாவிட்டால் மற்றதெல்லாம் அமைந்தும் பயனில்லை. எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். வேலைக்காலம் முழுக்க ரயில் பெட்டிப் பராமரிப்பில் போனது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணம், கல்லூரி மாணவர்: சார், பணிமனை என்றால் பஸ் டிப்போ மாதிரிதானே? ராத்திரி நிறுத்தி வைக்க ஓர் இடம், அவ்வளவுதானே?

நிறுத்துவது பாதி வேலைதான் தம்பி. பஸ்ஸை எந்த மூலையில் விட்டாலும் திருப்பி எடுத்துவிடலாம். ரயில் தடத்தை விட்டு விலகாது. முன்னால் நிற்கும் வண்டி பழுதானால் பின்னால் நிற்பது அத்தனையும் மாட்டிக்கொள்ளும்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், புரியும். மாலைக் கூட்டம் ஓய்ந்ததும் வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பிக்கும். ஓட்டுநர் குறை எழுதிய சீட்டைக் கொடுப்பார்: மூன்றாவது கதவு இரண்டு முறை மாட்டியது, ஏசி தண்ணீர் சொட்டுகிறது, இப்படி. குப்பை கூட்டும் ஆட்கள் ஏறுவார்கள். கழுவ வேண்டிய வண்டி வாஷிங் பிளான்ட் வழியாக மெதுவாக ஊர்ந்து போகும். பக்கத்தில் சுழலும் பிரஷ் தேய்த்துவிடும். கழுவிய தண்ணீரை வடிகட்டித் திரும்பவும் பயன்படுத்துவது இப்போது வழக்கம்.

அடுத்தது பிட் லைன். தண்டவாளம் தூண்மேல் நிற்கும், கீழே ஆள் நடக்கக் குழி இருக்கும். டெக்னீஷியன் டார்ச் அடித்துக்கொண்டு போவார். பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார். போல்ட்டை முறையான அளவுக்கு முறுக்கிய பிறகு, நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்திருப்பார்கள். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு முறிந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் நட்டு சுழன்றிருக்கிறது, வண்டி காலையில் வெளியே போகாது. இத்தனை கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நான் மதிக்கும் வேலைகளில் முதன்மையானது அது.

எல்லாம் முடிந்த பிறகுதான் நிறுத்துவது. ஒரு பக்கம் மூடிய தடம் என்றால் கடைசியில் நுழைந்ததுதான் முதலில் வெளியேற முடியும். அதனால் விடிகாலை முதல் வண்டி எது என்பதை முந்தின இரவே கணக்குப் போட்டு வரிசை வைப்பார்கள். இரண்டு பக்கமும் திறந்த தடம் இருந்தால் இந்தத் தலைவலி குறையும், ஆனால் நிலம் அதிகம் பிடிக்கும்.

ஒரத்தநாடு, விவசாயி: ஐயா, எவ்வளவு நிலம் கேட்பார்கள்? நஞ்சையை எடுப்பார்களோ என்றுதான் கவலை.

உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன் ஐயா. 30 மீட்டர் நீள வண்டி, முன்பின் இடைவெளி சேர்த்து 35 மீட்டர் வைத்துக்கொள்வோம். தடத்துக்குத் தடம் 4.5 மீட்டர். 20 வண்டி என்றால் 3,150 சதுர மீட்டர், முக்கால் ஏக்கரைத் தாண்டும். அதாவது இரண்டு மா நிலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் (மூன்று மா ஓர் ஏக்கர்). நிறுத்த மட்டும் அவ்வளவுதான்.

நிலத்தைத் தின்பது மற்றவைதான். ஒரு தடம் பிரிந்து பத்துத் தடமாக விரியும் பாயிண்ட்ஸ் பகுதி, வளைவுகள், பட்டறை, வாஷிங் பிளான்ட், துணை மின்நிலையம், சோதனைத் தடம், லாரி வந்துபோகும் சாலை. எல்லாம் சேர்ந்தால் இரண்டு வேலிக்கு (ஒரு வேலி இருபது மா) குறையாமல் வரும் என்பது என் கணிப்பு. லைட் ரயில் 25 மீட்டர் ஆரத்தில்கூடத் திரும்பும் என்பதால், பெரிய மெட்ரோவைவிடக் குறுக்கி அமைக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், முப்போகம் விளைந்த மண்ணில் பணிமனை கட்டக் கூடாது. ஊர் ஓரப் புறம்போக்கு, பயன்படாத பழைய தொழிற்சாலை வளாகம் என்று முதலில் தேட வேண்டும். சென்னை மெட்ரோவுக்கு விம்கோ நகரில் நிறுத்துமிடத்தை உயரத்தில் கட்டினார்கள். செலவு கூடும், நிலம் மிஞ்சும்.

மன்னார்குடி, ஆசிரியை: எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தெருவே வாய்க்கால் ஆகிவிடும். பணிமனை தாங்குமா சார்?

டெல்டாவில் யாரும் தப்பிக்க முடியாத கேள்வி இது டீச்சர். நிறுத்தும் தடம் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். நம் ரயில்வேயில் நிலைய யார்டுக்கு 400-க்கு 1 என்ற சரிவைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. சரிவு கூடினால் பிரேக் விட்ட வண்டி தானே உருளும். அந்த வகையில் நம் தட்டைப் பூமி வசதிதான். ஆனால் ரயிலுக்கு வசதியான அதே மட்டம் தண்ணீருக்கு வசதி இல்லை, வடிய வழி இருக்காது. களிமண் வேறு. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் பிட் லைன் குழியும் சக்கரம் சீவும் லேத்தும் வைத்தால் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழமாகப் பைல் (அடித்தளத் தூண்) அடித்துத்தான் கட்ட வேண்டும்.

2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயலின்போது ஜப்பானில் சிக்குமா ஆறு கரை உடைத்து, நாகானோ புல்லட் ரயில் பணிமனைக்குள் புகுந்தது. 10 ரயில், மொத்தம் 120 பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் சேறு கழுவினால் போதும் போலத் தெரிந்தது. அடியில் இருந்த மின்கருவிகள் நனைந்துபோனதால் அத்தனையையும் கழித்துவிட்டார்கள். அந்த இடத்தில் வெள்ளம் வரலாம் என்று நகராட்சியின் வெள்ள வரைபடத்திலேயே இருந்தது. அங்கே இல்லாத தொழில்நுட்பமா? இடத்தேர்வுதான் காலை வாரியது.

நாமும் 2018-ஐ மறக்கக் கூடாது. ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துக்கொண்டு போயின, நவம்பரில் கஜா புயல். ஆகவே நான் கேட்பவை இவை: தரை மட்டம் பழைய வெள்ளக் குறியைவிட உயரமாக இருக்கட்டும். பிட் லைனில் தண்ணீர் இறைக்கும் பம்புக்குத் தனி ஜெனரேட்டர் வேண்டும், புயலில் முதலில் போவது கரன்ட்தான். துணை மின்நிலையம் மேடையில் நிற்கட்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் எந்த வண்டியை எந்த மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிய திட்டம் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசிக்குள் ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

திருவையாறு, இல்லத்தரசி: ரயில் பிரேக்குக்கு மணல் போடுவார்களாமே! நம் காவிரி மணலை அதற்கும் அள்ளுவார்களா?

பயப்படாதீர்கள் அம்மா. மணல் போடுவது உண்மைதான். சக்கரத்துக்கு முன்னால் சின்னப் பெட்டி இருக்கும். மழையில் தண்டவாளம் வழுக்கும்போது, அவசரமாக நிறுத்தும்போது, குழாய் வழியாகக் கொஞ்சம் மணல் விழும், பிடிப்பு கிடைக்கும். அந்தப் பெட்டியை நிரப்புவது பணிமனையில்தான்.

ஆற்று மணலை அப்படியே போட முடியாது. அதில் வண்டல் இருக்கும், ஈரம் இருக்கும், குழாயை அடைத்துக்கொள்ளும். நன்றாக உலர்த்திச் சலித்த குவார்ட்ஸ் மணல், பருமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், மூட்டையில் வரும். ஈரம் ஏறாமல் வைக்க வேண்டும். நம் ஊர் அடைமழையில் அதுவே தனி வேலை.

மயிலாடுதுறை, கடை வைத்திருப்பவர்: சில பெட்டியில் உட்கார்ந்தால் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே வருகிறதே, அது ஏன் அண்ணே?

சக்கரம் ஓர் இடத்தில் தட்டையாகிவிட்டது அண்ணே. பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் வழுக்கினால், தண்டவாளத்தில் படும் இடம் தேய்ந்து தட்டை விழும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தண்டவாளத்தை அறையும். அப்படியே விட்டால் பேரிங் போகும், தண்டவாளமும் கெடும்.

பணிமனையில் இதற்குத் தரைக்குக் கீழே லேத் இருக்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், வண்டியை மேலே கொண்டுவந்து நிறுத்தினால் போதும். உருளைகள் சக்கரத்தைத் தாங்கிச் சுழற்றும், வெட்டும் முனை அடியிலிருந்து வரும். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழும், சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், கையால் தொடக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் சீவிவிட்டு அனுப்ப முடியாது. அதே அச்சில் இருக்கும் ஜோடியும் அதே விட்டத்துக்கு வர வேண்டும், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியில் உள்ள மற்றவற்றோடும் வித்தியாசம் வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

தாழ்தள லைட் ரயிலில், அதாவது பெட்டியின் தரை தாழ்வாக இருக்கும் வகையில், சக்கரமே சிறியது, புதிதில் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். தேய அதிக இடம் இல்லை. அதனால் தட்டை பெரிதாகும்வரை காத்திருந்து ஆழமாக வெட்டுவதைவிட, அடிக்கடி மெல்லச் சீவுவதே லாபம் என்பேன். காசு மிச்சம் என்று லேத்தைத் தள்ளிப்போடும் இடங்களில் சக்கரச் செலவு இரட்டிப்பாகும்.

திருவாரூர், எலக்ட்ரீஷியன்: லைட் ரயில் பணிமனையில் பெட்டியின் கூரை உயரத்துக்கு மேடை கட்டியிருக்கும் படம் பார்த்தேன். எதற்கு? கரன்ட் கம்பி பக்கத்தில் ஆபத்து இல்லையா?

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். தாழ்தள வண்டியில் ஏறும் இடம் தண்டவாளத்திலிருந்து 30, 35 சென்டிமீட்டர்தான். கீழே கருவி வைக்க இடமே இல்லை. ஏசி, மின்மாற்றுக் கருவி எல்லாம் கூரைக்குப் போய்விடும். அதனால் ஆட்களும் கூரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் 750 வோல்ட் டிசி. அந்தத் தடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியைப் பூமியோடு இணைத்து, சுவிட்சைப் பூட்டினால்தான் மேடைக் கதவுக்கான சாவி கையில் வரும். சாவி மேடைக் கதவில் இருக்கும்வரை மின்சாரத்தைத் திரும்ப விட முடியாது. வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, தானே எடுக்க வேண்டும். "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்ற பேச்சுக்கு அங்கே இடம் கிடையாது.

திருச்சி, ஓய்வுபெற்ற ஊழியர்: இங்கே ரயில்வேயின் பொன்மலைப் பணிமனை இருக்கும்போது புதிதாக எதற்கு?

பொன்மலை நம் பெருமை, அதில் சந்தேகம் இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1928-ல் அங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து கொடுத்த கைகள் அவை. ஆனால் அது பெரிய மராமத்துக்கான இடம். லைட் ரயிலுக்குத் தினமும் ராத்திரி வந்துபோகும் இடம் வேண்டும். தட அகலமும் வேறு: நம் ரயில்வே 1,676 மில்லிமீட்டர், சென்னை மெட்ரோ 1,435. லைட் ரயிலும் அந்த 1,435-லேயே வர வாய்ப்பு அதிகம், வண்டி உள்ளேயே நுழையாது. போகி மராமத்து, ஆட்களுக்குப் பயிற்சி ஆகியவற்றில் பொன்மலையின் அனுபவத்தை வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீடாமங்கலம், இளைஞர்: வயல் நடுவே பணிமனை வந்தால் எலி ஒயரைக் கடிக்காதா அண்ணே?

கடிக்கும். அறுவடை முடிந்ததும் வயலெலி குடிபெயர இடம் தேடும். கேபிள் நுழையும் ஓட்டையை எல்லாம் அடைப்பதுதான் முதல் வைத்தியம். பெட்டிக்குள் சோற்றுப் பருக்கை கிடக்காமல் கூட்டுவது இரண்டாவது. வளாகத்தைச் சுற்றி நம் தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) தாராளமாக வைக்கலாம். பெட்டிக்குள் விஷம் மட்டும் வேண்டாம், ஏசி குழாய்க்குள் செத்தால் வாரக்கணக்கில் நாறும்.

பேரளம், ஒரு தாய்: மகள் ஐடிஐ சேரப்போகிறாள். இந்த வேலைக்குப் பெண்கள் போகலாமா? எதைப் படிக்கலாம்?

தாராளமாகப் போகலாம் அம்மா. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆகிய மூன்றும் பொருந்தும். இன்றைய வண்டியில் கதவு, பிரேக், ஏசி எல்லாமே மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுகின்றன, அதனால் என் ஓட்டு எலக்ட்ரானிக்ஸுக்கு. ராத்திரி ஷிப்ட் நிச்சயம் உண்டு, அதை முதலிலேயே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்யூட் டயகிராமை விரலால் தொடர்ந்து போய்ப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பணிமனையும் விடாது. படிப்பு முடிந்ததும் அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். பொன்மலையிலும் அந்தப் பயிற்சி உண்டு.