பலகையில் தெளிவு, பிரின்றில் மங்கல்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் பழைய என்லார்ஜரைத் துடைத்துத் திருத்தி, எங்களிடம் மிஞ்சிய 35 மில்லிமீற்றர் நெகற்றிவ்களைப் பெருப்பிக்கிறேன். கீழே பலகையில் விழும் படத்தில் அம்மம்மாவின் கண்ணிமைகூடத் தெரிகிறது. 10க்கு 8 அங்குலப் பிரின்ற் காய்ந்ததும் பார்த்தால் முழுக்க மங்கல். லென்ஸை மாற்றவா?"

லென்ஸுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். முதலில் அந்தப் பிரின்றைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முகம் மங்கலாக இருந்தும் பிலிமின் கிறெயின் (படத்தை ஆக்கும் நுண்ணிய மணிகள்) பொடிமணல் போலக் கூராகத் தெரிந்தால், படம் எடுக்கும்போதே கமரா ஆடியிருக்கிறது அல்லது போகஸ் தவறியிருக்கிறது. அதை என்லார்ஜரால் திருத்த முடியாது. கிறெயினும் கரைந்து கிடந்தால்தான் பிழை இருட்டறையில்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு நெகற்றிவ் மேல்தான் சந்தேகம். கண்ணாடி இல்லாத கரியர் (என்லார்ஜருக்குள் நெகற்றிவ்வைப் பிடிக்கும் சட்டம்) பிலிமின் ஓரங்களை மட்டும்தான் பிடிக்கும். பல்பின் சூடு ஏற ஏற நடுப்பகுதி வளைந்து இடம் மாறும். நீங்கள் சூடான பிலிமில் போகஸ் செய்கிறீர்கள், லைற்றை அணைத்துப் பேப்பர் வைக்கிறீர்கள். அதற்குள் பிலிம் ஆறிப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மாரியில் ஈரம் குடித்த பிலிம் இன்னும் மோசமாகச் சுருளும்.

ஆகவே பல்பை ஒரு நிமிடமாவது எரியவிட்டு, அப்புறம் போகஸ் செய்யுங்கள். பிறகு அணைக்காதீர்கள். லென்ஸின் கீழே இருக்கும் சிவப்புக் கண்ணாடியைத் தள்ளி மூடி, அந்த வெளிச்சத்தில் பேப்பரை வையுங்கள். லென்ஸுக்குக் கீழே ஒரு கறுப்பு மட்டையைப் பிடித்தபடி சிவப்பை விலக்கி, என்லார்ஜரின் தூண் ஆடி அடங்கும்வரை சில வினாடி பொறுத்து, மட்டையை எடுத்து நேரத்தை எண்ணுங்கள். கண்ணாடிக் கரியர் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் தூசி துடைக்க நாலு பக்கம் இருக்கும்.

போகஸ் செய்யும்போது கண்ணிமையைப் பார்க்காதீர்கள், கிறெயினைப் பாருங்கள். வெறுங்கண் இதில் ஏமாந்துபோகும். பலகையில் வைத்துக் கிறெயினைப் பெரிதாக்கிப் பார்க்கும் கிறெயின் போகஸர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் கண் வைக்கும் குழாயைத் திருகி, உள்ளே தெரியும் கோடு உங்கள் கண்ணுக்குக் கூராகும்படி முதலில் சரிசெய்யுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் போகஸரையே குறை சொல்கிறார்கள். லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, கூர்மையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். பிறகு எஃப் 5.6 அல்லது 8க்கு மூடி, கிறெயினை மறுபடி பாருங்கள். சில பழைய லென்ஸ்களில் மூடும்போது போகஸ் கொஞ்சம் நகரும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால் விஷயம் வேறு: பிலிம் இருக்கும் தலை, லென்ஸ், பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லை. நாலு மூலையிலும் கிறெயினைப் பார்த்துச் சரிக்கட்டுங்கள்.

புழுக்கம் தாங்காமல் மின்விசிறி போட்டிருப்பீர்கள். ஒளி விடும் அந்த அரை நிமிடமாவது அதை நிறுத்துங்கள். கறண்ட் போய் ஜெனரேற்றர் ஓடுகிறதென்றால், அதன் அதிர்வு நிலத்தால் ஏறி மேசைக்கு வரும். அன்றைக்குப் பிரின்ற் போடாமல் நெகற்றிவ்களைத் துடைத்து அடுக்குங்கள்.