மகளை டார்மில் விடப்போகும் தம்பிக்கு

தம்பி, இந்தியாவிலிருந்து டாலஸ் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் மகளுக்கு ஆஸ்டினில் காலேஜ் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வாழ்த்து. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் டார்மில், அதாவது காலேஜ் விடுதியில், கொண்டுபோய் விடவேண்டும், என்னென்ன வாங்குவது, அரிசி குக்கர் கொடுத்து அனுப்பலாமா, நாங்கள் எத்தனை நாள் கூட இருந்துவிட்டு வரலாம் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் ஹூஸ்டனில் 20 வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை டார்முக்கு அனுப்பியாகிவிட்டது. மூத்தவளுக்கு வேன் நிறைய சாமான் வாங்கினேன், செய்யவேண்டிய வேலை ஒன்றையும் செய்யவில்லை. இளையவன் போனபோது டிக்கியில் பாதி காலி.

அதனால் சாமானைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். படுக்கை விரிப்பை அங்கே போயும் வாங்கிக்கொள்ளலாம். ஜூலைக்குள் முடிக்கவேண்டியது காகித வேலை.

முதலில் ஊசி. டெக்சாஸில் புதிதாகக் காலேஜ் சேரும் 22 வயதுக்குக் குறைந்த எல்லாரும் மெனிஞ்சைட்டிஸ் என்கிற மூளையுறைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டதற்குச் சான்று கொடுக்கவேண்டும். கடந்த 5 வருடத்துக்குள் போட்டதாக இருக்கவேண்டும், வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பாவது போட்டிருக்கவேண்டும். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் ஒரு முறை, 16 வயதில் ஒரு முறை டாக்டரே போட்டுவிடுவார். நம் ஊர் வழக்கமான அட்டவணையில் அது கிடையாது, ஆகையால் உங்கள் மகளின் அட்டையில் இருக்க வாய்ப்பு குறைவு. எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போட்டு, சான்றைக் காலேஜ் போர்ட்டலில், அதாவது மாணவர் கணக்கு இருக்கும் இணையப் பக்கத்தில், ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாவிட்டால் அவள் கணக்கில் ‘ஹோல்டு’ விழும், வகுப்புக்குப் பதிவு செய்யமுடியாது.

அடுத்தது நமக்கு ஜீரணமாக நாளாகும் விஷயம். 1974-ல் வந்த ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளை காலேஜில் கால் வைத்த நாளிலிருந்து படிப்புப் பதிவுகள் எல்லாம் பிள்ளைக்கே சொந்தம். பணம் கட்டுவது நீங்கள், மதிப்பெண்ணை அவள் காட்டினால்தான் பார்க்கலாம். இது தெரியாமல் மூத்தவள் சேர்ந்த முதல் செமஸ்டரில் நான் அவள் காலேஜ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஃபீஸ் பில்லில் ஒரு சந்தேகம் கேட்டேன். எதிர்முனையில் இருந்த பையன் மிக மரியாதையாக, ‘உங்கள் மகள் கையெழுத்துப் போட்ட அனுமதி இல்லையே, எதுவும் சொல்ல முடியாது’ என்றான். பத்து மாதம் சுமந்து பெற்றவளிடம் சொல்கிற பேச்சா என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினேன். அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. மகள் போர்ட்டலில் போய், பில்லைப் பார்க்கவும் கட்டவும் உங்களுக்கு அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. மதிப்பெண்ணுக்கும் அனுமதி கொடுப்பதா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள் என்பேன். நான் கேட்டு வாங்கி, அப்புறம் வாரா வாரம் பார்த்து, வீணாகச் சண்டை போட்டதுதான் மிச்சம்.

மருத்துவத்திலும் அப்படியே. 18 ஆகிவிட்டால் டாக்டர் உங்களிடம் பேச மகளின் அனுமதி வேண்டும். இரண்டு படிவம்: ஒன்று தகவல் சொல்லலாம் என்கிற ஹிப்பா அனுமதி, இன்னொன்று அவளால் பேசமுடியாத நிலையில் யார் முடிவெடுப்பது என்கிற மெடிக்கல் பவர் ஆஃப் அட்டர்னி. டெக்சாஸுக்கான படிவம் இலவசமாகக் கிடைக்கிறது, வக்கீல் தேவையில்லை. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மூன்று பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்சூரன்ஸ் அட்டையின் இரண்டு பக்கமும் போட்டோ. உங்கள் இன்சூரன்ஸ் எச்.எம்.ஓ. என்கிற, பட்டியலில் உள்ள டாக்டர்களுக்கு மட்டும் செல்லும் வகையாக இருந்தால், பெரும்பாலும் டாலஸ் பக்கத்து டாக்டர்கள்தான் அதில் இருப்பார்கள். ஆஸ்டினில் எந்த அர்ஜென்ட் கேர் கிளினிக் செல்லும் என்று இப்போதே தேடி, பெயரை எழுதிக் கொடுங்கள். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தேடாது. ஃபீஸ் பில்லில் மாணவர் இன்சூரன்ஸ் தானாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுடையதே போதும் என்றால், அது வேண்டாம் என்று ‘வேவர்’ போட ஒரு கடைசி நாள் இருக்கும், அது தாண்டினால் பணம் போனதுதான்.

நீங்கள் எச்-1பி வேலை விசா என்றால் மகள் எச்-4, உங்களைச் சார்ந்து வந்த விசா. இதைப் பிள்ளையிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். எச்-4-ல் படிக்கலாம், ஆனால் அவளால் சம்பளத்துக்கு வேலை பார்க்கமுடியாது. கேம்பஸுக்குள் கூட முடியாது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பக்கத்து அறைப் பெண் டைனிங் ஹாலில் வேலைக்குச் சேரும்போது, ‘நீயும் வாயேன்’ என்பாள். இவள் விவரம் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் பின்னால் விசாவில் இடிக்கும். அத்தோடு 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1-க்கு மாறியாகவேண்டும். மாற்றம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். இன்டர்ன்ஷிப் ஆசை இருந்தால் இன்னும் முன்னாலேயே யோசிக்கவேண்டும். காலேஜில் இன்டர்நேஷனல் ஆபீஸ் என்று ஒன்று இருக்கும், முதல் மாதமே போய் முகம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவு, இவற்றின் பிரதிகள் அவள் கையில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி இது. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்திருப்பார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். காலேஜ் பட்டியலிலும் அதுவே போகும். டார்மில் ஒவ்வொரு கதவிலும் வண்ணக் காகிதத்தில் பெயர் வெட்டி ஒட்டிவைப்பது வழக்கம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதவில் பூப்போட்டு ‘எஃப்னு’ என்று ஒட்டியிருந்தார்களாம், தளம் முழுக்க ஒரு வாரம் அவளை அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்தால் இன்னொரு கூத்து, பேராசிரியர் உங்கள் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிடுவார். போர்ட்டலில் ‘அழைக்க விரும்பும் பெயர்’ என்று ஓர் இடம் இருக்கிறதா பார்த்து, இப்போதே நிரப்பச் சொல்லுங்கள். விசா, வரி சம்பந்தப்பட்ட இடங்களில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

சரி, சாமானுக்கு வருவோம்.

டார்ம் கட்டில் பெரும்பாலும் ட்வின் எக்ஸ்.எல். நீளம் 80 அங்குலம். சாதாரண ட்வின் 75 தான். அந்த ஐந்து அங்குலத்தைக் கவனிக்காமல் வாங்கினால் விரிப்பின் மூலை இரவெல்லாம் கழன்றுகொண்டே இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். மெத்தை கட்டையாக இருக்கும், மேலே போட இரண்டு மூன்று அங்குல டாப்பர் ஒன்று வாங்கினால் பிள்ளை உங்களை வாழ்த்தும். குளியலறை பொதுவாக இருந்தால் சோப்பு, ஷாம்பு தூக்கிப்போக ஓட்டை வைத்த ஒரு கூடை, ஈரத்தில் போட ஒரு செருப்பு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பிய்த்தெடுக்கிற ஒட்டுக் கொக்கிகள்தான். சாதாரண எக்ஸ்டென்ஷன் கார்டுக்குப் பல இடங்களில் தடை, சர்ஜ் புரொடெக்டர் உள்ளதாக வாங்குங்கள். வெளியே 100 டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஏசி எலும்பை நடுங்கவைக்கும், ஒரு நல்ல போர்வை போகட்டும். உடுப்பு, செருப்பு வாங்குவதானால் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை டெக்சாஸில் விற்பனை வரி கிடையாது. 100 டாலருக்குக் குறைந்த பொருளுக்கு மட்டும். விரிப்பு, போர்வைக்கு அது செல்லாது. பெரிய சாமானை டார்கெட், வால்மார்ட்டில் ஆர்டர் போட்டு, ஆஸ்டின் கடையில் எடுத்துக்கொள்வது மாதிரி செய்யுங்கள். டார்மில் விடும் வாரக் கடைசியில் கடைக்கு நேரில் போனால் அலமாரி துடைத்துவைத்தது போல இருக்கும்.

அரிசி குக்கர். சூடாகும் தட்டு உள்ள எதையும் பெரும்பாலான டார்ம்களில் அறையில் வைக்க விடமாட்டார்கள். காலேஜ் இணையதளத்தில் தடை செய்த பொருள்களின் பட்டியல் இருக்கும், அதில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மைக்ரோவேவ் அனுமதி இருந்தால், அதில் வைத்துச் சோறாக்கும் பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று விற்கிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு ஆள் சோறு வெந்துவிடும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கெடாமல் இருக்கும். ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் இரண்டையும் யார் கொண்டுவருவது என்று ரூம்மேட்டோடு முன்னாலேயே பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் எலிப்பொந்து மாதிரி அறையில் இரண்டு ஃபிரிட்ஜ் நிற்கும். ஊதுபத்தி, அகல்விளக்கு கண்டிப்பாக வேண்டாம். நான் பிள்ளையார் படத்தோடு ஒரு பாக்கெட் ஊதுபத்தியும் பெட்டியில் ஒளித்துவைத்து அனுப்பினேன். அவள் ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றிவைக்க, ஃபயர் அலாரம் அலறி, ஆறு மாடியும் இரவு உடையில் புல்வெளியில் நின்றது. பிள்ளையாருக்கு இப்போது பேட்டரி விளக்கு.

ரூம்மேட் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. மனசுக்குப் பிடிக்காததை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மூன்று மாதம் பொறுத்துவிட்டு அம்மாவிடம் அழுவார்கள். முதல் வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தப் படிவம் நிரப்பச் சொல்வார்கள்: விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, விருந்தாளி வரலாமா, யார் சாமானை யார் தொடலாம். இவள் எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிடுவாள். எழுதக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சிக்கல் முற்றினால் தளத்தில் ஆர்.ஏ. என்று ஒரு மூத்த மாணவி இருப்பாள், அவளிடம் போகலாம், அது கோள்மூட்டுவது ஆகாது.

குடியைப் பற்றியும் பேசுங்கள், கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். சட்ட வயது 21 என்றாலும் விருந்துகளில் ஓடத்தான் செய்யும். மகள் தொடாவிட்டாலும் கூட வந்த பெண் மயங்கி விழலாம். அப்போது பயந்து ஒதுங்காமல் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டு, ஆள் வரும்வரை கூடவே இருக்கவேண்டும். அப்படி முதலில் கூப்பிட்டு உடன் நிற்பவர், தானும் குடித்திருந்தாலும், வயது குறைவாகக் குடித்த குற்றத்துக்கு ஆளாகாமல் டெக்சாஸ் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. மனசு தாங்காத நேரத்துக்கு 988 என்கிற மனநல உதவி எண், அதையும் போனில் போட்டுவைக்கட்டும்.

இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. துணி துவைப்பதை இன்றைக்கே அவளிடம் விட்டுவிடுங்கள், வெள்ளைச் சட்டை சிவப்பானால் உங்கள் வீட்டிலேயே ஆகட்டும். அந்த ஊசிக்கும் பார்மசிக்கு அவளே போன் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். என் மகனுக்கு முதல் போன் பேசுவதற்குள் வியர்த்துவிட்டது, மூன்றாவது போனில் என்னை அறையை விட்டுப் போகச் சொன்னான்.

கடைசிக் கேள்வி, எத்தனை நாள் தங்கலாம். மூவ்-இன், அதாவது டார்மில் குடிபுகும் நாள், அன்றைக்கு உங்களுக்கு என்று ஒரு நேரம் கொடுப்பார்கள், அதற்குள் சாமான் ஏறவேண்டும். கட்டில் விரித்து, ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டு, மாலைக்குள் கிளம்பிவிடுங்கள். நான் மூத்தவளுக்காக இரண்டு இரவு ஹோட்டல் போட்டேன். அவளுக்கு அறிமுகக் கூட்டங்கள், விளையாட்டுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக இருந்தது. அம்மா வாசலில் நிற்கிறாளே என்று பாதியில் ஓடி ஓடி வந்தாள், அந்தத் தளத்தில் மற்றவர்கள் சிநேகிதமான இரண்டு நாளும் அவளுக்கு என்னோடு போய்விட்டது. உங்கள் வீட்டம்மா அழுவார்கள், காரில் ஏறினபின் அழட்டும், வழியில் வேகோ வரைக்கும் அழலாம். ஹோட்டல் காசைக் குடும்பத்தார் வந்து பார்க்கும் காலேஜின் ஃபேமிலி வீக்கெண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேதி இப்போதே காலேஜ் இணையதளத்தில் இருக்கும், ஃபுட்பால் ஆட்டமும் அதே சனிக்கிழமை வந்தால் ஆஸ்டினில் அறை கிடைக்காது, இன்றைக்கே புக் செய்துவிடுங்கள்.