ஆளில்லாத பிரகாரங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப் 1858-இல் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்களில் மக்களே இல்லாததைக் காலனியப் பார்வை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்துக் காமிராவில் நடமாடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள். தொழில்நுட்பக் குறையை ஏன் அரசியலாக்க வேண்டும்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் ஒளி மெதுவாகத்தான் பதியும். ஆனால் அதிலிருந்து அச்சிடும் படத்தில் வானமும் வெறும் வெளுப்பாகத்தான் வரும். அதை ட்ரைப் அப்படியே விடவில்லை; நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். மேகம் இல்லாதது உறுத்தியவருக்குப் பிரகாரத்தில் ஆள் இல்லாதது உறுத்தவில்லை. ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்லியும் எடுக்கலாம். அதே 1858-இல் லக்னோவில், சிக்கந்தர் பாக் முற்றத்தில், 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்களின் சிதறிய எலும்புகளுக்கு நடுவே ஆட்களை நிறுத்தி ஃபெலிசே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் எடுத்தார். அதுவும் காலனியப் படம்தான்.

ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி, 1856 முதல் சென்னை அரசின் புகைப்படக்காரர். கட்டடங்களை வரைவதற்குப் பதில் படமெடுக்கலாம் என்பது கம்பெனியின் முடிவு. அதற்கு வேண்டியது தூணும் கோபுரமும். பூசையும் திருவிழாவும் அல்ல. பின்னால் ஜேம்ஸ் ஃபெர்குசன் இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதியபோது புகைப்படங்களைப் பெரிதும் நம்பினார். இந்தியக் கலை காலம் போகப்போகச் சீரழிந்தது என்பது அவர் கட்சி. ஒரு மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு அப்படித் தீர்ப்புச் சொல்வது எளிது.

அதற்காக அந்தப் படங்களை ஒதுக்கிவிட என்னால் முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தை ஒட்டிக் காமிராவை நகர்த்தி நகர்த்தி, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் கல்வெட்டு வரிகளை ட்ரைப் பதிவு செய்தார். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல்தான். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றும் கொடுத்தார் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டது அந்த விமானத்தில்தான். அங்கே மனிதர்களுக்கு என்ன குறை?

1859-இல் சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் ட்ரைப்பின் புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இன்னும் எத்தனையோ கோயில் சுவர்களை, பின்னால் வந்த திருப்பணிகளில் எழுத்துகள் சிதைவதற்கு முன்பே ட்ரைப் பதிவு செய்திருக்க முடியும்.

அன்புடன்.