மாஸ்டர் போன பிறகு ஸ்டைல் என்ன ஆகும்? கேட்டவங்களுக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரியில 22 வருஷமா கராத்தே கிளாஸ் எடுக்கறேன், ஷோட்டோகான்ங்கற ஸ்டைல். நம்ம பக்கத்துல ஒரு சீனியர் மாஸ்டர் தவறினதுக்கு அப்புறம் அவரோட ஸ்டூடண்ட்ஸ் மூணு அசோசியேஷனா பிரிஞ்சி நிக்கறாங்க, அத வெச்சி நெறைய பேர் கேள்வி அனுப்பி இருக்கீங்க. சாயங்கால பேட்ச் வர்ற வரைக்கும் பதில் சொல்றேன். அந்த மூணுல யாரு சரின்னு மட்டும் கேக்காதீங்க, மூணு பேர் வீட்லயும் நான் சாப்ட்டிருக்கேன்.

பாலக்கோட்டுல இருந்து ஒரு அப்பா: குருநாதர் போய் காரியம் முடியறதுக்குள்ள சண்டை. இது நம்ம ஊர்ல மட்டும்தானா சார்?

அட நீங்க வேற சார். கியோகுஷின்னு ஒரு கராத்தே ஸ்டைல், அத ஆரம்பிச்ச மாஸ் ஒயாமா 1994 ஏப்ரல் 26 தவறினாரு. அவரோட ஸ்டூடண்ட் மாட்சுயிதான் அடுத்த தலைவர்னு ஒரு உயில காட்டினாங்க, குடும்பம் ஒத்துக்கல, கோர்ட்டுக்கு போயி அந்த உயில் செல்லாதுன்னு ஆயிடுச்சி. அதுக்குள்ள அமைப்பு பல துண்டு. இன்னிக்கும் அதே பேர்ல நெறைய குரூப் இருக்கு. எங்க ஷோட்டோகான் என்ன பெரிய ஒழுங்கா? அத ஆரம்பிச்ச ஃபுனாகோஷி 1957ல தவறினப்ப இறுதிச் சடங்க யாரு நடத்தறதுங்கறதுலயே தகராறு, ஜேகேஏ (ஜப்பான் கராத்தே அசோசியேஷன்) ஒரு பக்கம், ஷோட்டோகாய்ங்கற அவரோட ஸ்டூடண்ட்ஸ் சங்கம் ஒரு பக்கம். அவரு போட்டியே வேணாம்னு சொல்லிட்டு இருந்தவரு, போன அதே வருஷம் ஜேகேஏ முதல் சாம்பியன்ஷிப் நடத்திட்டாங்க. டேக்வாண்டோவுல ஐடிஎஃப்ங்கற சர்வதேச அமைப்ப ஆரம்பிச்ச சோய் ஹாங் ஹி 2002ல போன சமயத்துல அந்த பேர்லயே மூணு கோஷ்டி.

பென்னாகரம் பக்கம் கூத்து பாத்து வளந்தவங்களுக்கு இது புதுசே இல்ல. வாத்தியார் கண்ண மூடினா ஜமா, அதாவது கூத்துக் குழு, ரெண்டாவும், இவனும் வாத்தியார் பாட்டுதான் பாடுவான் அவனும் அதேதான் பாடுவான்.

ஓசூர்ல கம்பெனி வேலை பாக்கற தம்பி: அப்ப ஒரிஜினல் யாருகிட்ட இருக்கு மாஸ்டர்?

தம்பி, எல்லார்கிட்டயும் இருக்கு, அதான் பிரச்சனையே. எங்க மாஸ்டர் கதைய சொல்றேன். 40 வயசுல அவரு ஸ்டான்ஸ்ல (கால் அகட்டி நிக்கற நிலை) உக்காந்தா தொடை தரைக்கு சமமா இருக்கும், நாங்க அப்படித்தான் அடி வாங்கி கத்துக்கிட்டோம். 55க்கு மேல மூட்டு தேஞ்சி போயி பாதி உக்காந்துதான் காமிப்பாரு. அப்ப சேந்த பசங்களுக்கு அதான் ஸ்டைல். இப்ப ரெண்டு பேட்சும் "மாஸ்டர் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு"ன்னு சத்தியம் பண்றாங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒருத்தன் மாஸ்டரோட இளமைய கத்துக்கிட்டான், இன்னொருத்தன் அவரோட முட்டி வலிய கத்துக்கிட்டான்.

ஐகிடோவுல இத பெருசா பாக்கலாம். அத ஆரம்பிச்ச உயேஷிபாகிட்ட ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி கத்துக்கிட்ட ஷியோடாவோட யோஷின்கான் ஸ்டைல் இறுக்கமா, கட்டு கட்டா இருக்கும். உயேஷிபா வயசான காலத்துல கூட இருந்தவங்க ஐகிடோ தண்ணி மாதிரி ஓடும். 1969ல அவரு போனதும் மகன் கிஷோமாரு பொறுப்புக்கு வந்தாரு, 1974ல சீனியர் ஸ்டூடண்ட் கோய்ச்சி டோஹெய் வெளிய போயிட்டாரு.

இன்னொண்ணு, மாத்தறதுக்கு சாவு வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. ஃபுனாகோஷி 1922ல ஒகினாவாவுல இருந்து டோக்கியோ வந்தப்பவே 50 தாண்டிட்டாரு. நாங்க இன்னிக்கு போடற ஆழமான ஸ்டான்ஸ், உயரமான கிக் எல்லாம் முக்கால்வாசி அவரு மகன் யோஷிடாகா கொண்டு வந்தது, அப்பா கண்ணு முன்னாடியே.

காவேரிப்பட்டணம், சிலம்பம் ஆடறவர்: எங்களுக்கு நிறுவனரே கிடையாதே, நாங்க தப்பிச்சோமா அண்ணா?

தலைவர் நாற்காலி சண்டையில இருந்து கொஞ்சம் தப்பிச்சீங்க, அவ்ளோதான். ஆசானுக்கு ஆசான் அடி வரிசை மாறும், அது எப்பவும் இருக்கறது. ஆனா உங்களுக்கு வேற வழியில வருது. அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பம் வந்ததுல இருந்து பெத்தவங்க கேக்கறது சர்ட்டிபிகேட், மெடல். தொடுமுறைங்கற போட்டியில கம்பால தொட்டா பாயிண்ட், அப்ப பையன் தொட்டுட்டு ஓடத்தான் பழகுவான், ஓங்கி அடிக்கற அடி எதுக்கு? பத்து வருஷம் போனா அந்த அடிய சொல்லிக் குடுக்க ஆள் இருக்காது.

ஊத்தங்கரை, காலேஜ் ஜூடோ பிளேயர்: ரூல்தான் கலைய மாத்துதுன்னு சொல்றீங்களா சார்?

ஆமாம்மா, சாவ விட ரூல்தான் அதிகமா மாத்துது, உன் ஜூடோவே சாட்சி. ஜூடோவ உருவாக்கின கானோ 1882ல கோடோகான்ங்கற ஸ்கூல ஆரம்பிச்சாரு, 1938ல கப்பல்ல ஊருக்கு திரும்பும்போது தவறினாரு. அப்புறம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல வெயிட் கேட்டகிரியோட ஜூடோ வந்துச்சி. 2010ல நேரா கால புடிச்சி தூக்கறதுக்கு தடை, 2013ல பெல்ட்டுக்கு கீழ கையே வைக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சி. மோரோடே கரி, ரெண்டு கையாலயும் கால புடிச்சி கவுக்கறது, பழைய டெக்னிக், இன்னிக்கு மேட்ச்ல போட்டா பெனால்டி. மேட்ச்ல வராதத எந்த கோச் தினம் பிராக்டிஸ் குடுப்பாரு, நீயே சொல்லு.

கிருஷ்ணகிரி: புரூஸ் லீ?

32 வயசுல போயிட்டாரு, 1973. ஸ்கூலெல்லாம் 1970லயே மூடிட்டாரு, ஸ்டைல்னு ஒண்ணுல மாட்டிக்காதன்னு சொன்ன மனுஷன். அவரு செஞ்சத அப்படியே காப்பாத்தணும்னு ஒரு கூட்டம், அவரு மாதிரி தேடிட்டே போகணும்னு ஒரு கூட்டம். எனக்கு ரெண்டாவது கூட்டம்தான் புடிக்கும், கட்டா (மாத்தாம அப்படியே செய்யற அசைவு வரிசை) சொல்லிக் குடுக்கற வாத்தியார் இத சொல்லக்கூடாதோ என்னவோ.

அரூர்ல இருந்து ஒரு அம்மா: பொண்ணு பிரவுன் பெல்ட். மூணு அசோசியேஷன்ல எதுல விடறது சார்?

அவளுக்கு தினம் சொல்லிக் குடுக்கற மாஸ்டர் எந்தப் பக்கம் போறாரோ அங்கயே விடுங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, இருக்கற பிரவுன் பெல்ட்ட அப்படியே ஏத்துக்குவாங்களான்னு எழுதி வாங்கிக்கங்க. "எங்க சிலபஸ் வேற, கிரீன்ல இருந்து மறுபடி டெஸ்ட்"னு சொன்னா பீஸுக்குன்னு புரிஞ்சிக்கங்க. ஹெய்யான்ங்கற அஞ்சு கட்டாவும் மூணு இடத்துலயும் அதே அஞ்சுதான், கை ரெண்டு விரல் மேல கீழ இருக்கும். அந்த கட்டாவுக்கு பழைய பேரு பினான், அதையே ஹெய்யான்னு மாத்தினது ஃபுனாகோஷிதான்.

பேட்ச் பசங்க வந்துட்டாங்க, மிச்ச கேள்வி ஞாயித்துக்கெழம.