சக வீரர்களுக்காக உயிர் கொடுத்த தமிழ் இராணுவ வீரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஏதோ பேச்சுப் போட்டிக்குக் கேட்கிறீர்கள் போல. சரி, மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பம்பாயில் பிறந்த தமிழர், மகார் ரெஜிமென்டின் 8ஆவது பட்டாலியன். 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் முடித்துத் திரும்பும்போது அவருடைய அணி புலிகளின் பதுங்கித் தாக்குதலில் மாட்டிக்கொண்டது. தன் ஆட்கள் அப்படியே சாகட்டும் என்று விடாமல், பின்பக்கமாகச் சுற்றி வளைத்துப் போய்ப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் இவர் நெஞ்சில் சுட்டார். அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டுவிட்டு, உயிர் போகும்வரை ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். 1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையில், இந்தியாவின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

உங்களுக்கு இது போதும். ஆனால் இது நடந்தது எங்கள் யாழ்ப்பாணத்தில், கந்தரோடைப் பக்கம். நான் சுன்னாகத்தில் ஓட்டோ ஓடுகிறவன். மிச்சத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துரோகி என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: அந்த இந்திய இராணுவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1987 ஓகஸ்டில் அம்மா அவர்களுக்கு மாலை போட்டவ. ஒக்டோபரில் ஷெல்லுக்குப் பயந்து எங்களை இழுத்துக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்கு ஓடினா. எனக்கு 9 வயது. பிறகு ஒரு சுற்றிவளைப்பில் மாமாவைத் தலையாட்டிக்கு (சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுப்பவர்) முன்னால் நிறுத்தினார்கள். சாக்குக்குள் இருந்த தலை ஆடவில்லை. ஆனாலும் அடித்துத்தான் விட்டார்கள். இன்றைக்கும் அவருக்கு ஒரு காது கேட்காது.

சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பழைய இராணுவக்காரர் மகனோடு வந்து ஏறினார். கந்தரோடை என்றதும், அங்கே இருக்கிற பழைய பௌத்தத் தூபி பார்க்கவாக்கும் என்று நினைத்தேன். இல்லை, "பரமேஸ்வரன் சார் விழுந்த இடம்" என்றார். மகன் வழி முழுக்க நான் சொல்வதைச் சினிமாவில் வருகிற மாதிரித் திருப்பிச் சொல்லிச் சிரித்தான். தமிழ்நாட்டு உறவுகளே, தயவுசெய்து இதை விடுங்கள். நாங்கள் உங்கள் பேச்சை உங்கள் முகத்துக்கு நேரே நடித்துக் காட்டுவதில்லை. அந்தச் சினிமாத் தமிழை இங்கே ஒருவரும் பேசுவதுமில்லை!

இதுதான் இடம் என்று கைகாட்ட எனக்குத் தெரியாது. ஒரு ஒழுங்கையில் நிறுத்தினேன். சுன்னாகம் சந்தையில் வாங்கிய மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரியவர் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி, "ஆரைத் தேடுறியள் தம்பி?" என்று கேட்டா. "இந்தியாவில இருந்து ஆச்சி, முந்தி ஆமியில இருந்தவர்" என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

பெரியவர் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு வேலியில் ஒரு கிளுவங் கதியாலில் மாலையை மாட்டிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மகன் அப்போது சிரிக்கவில்லை. (அடுத்த நாள் பார்த்தேன், நார்தான் தொங்கியது. ஆடு தின்றிருக்கும்.)

அந்த மனிதர் பயமில்லாமல் செத்தார், அதை யார் இல்லையென்றாலும் நான் ஒத்துக்கொள்வேன். திரும்பும் வழியில் என்னவோ தோன்றி மாமாவின் கதையைச் சொன்னேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"எந்தக் காது?" என்று கேட்டார்.

இடது என்றேன். இணுவில் தாண்டும்வரை பின் சீட்டில் சத்தமே இல்லை.