சுப்பீரியர் ஏரிக்கரையில் நடக்க பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்கிறார், பணம் கட்டலாமா?

கேள்வி: மினியாபொலிஸில் வசிக்கிறோம். ஜூலை கடைசி வாரம் நான், கணவர், 14 வயது மகன் மூவரும் சுப்பீரியர் ஏரியின் வடகரையில், சுப்பீரியர் ஹைக்கிங் டிரெயிலில் மூன்று இரவு தங்கி நடக்க நினைக்கிறோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெர்மிட், கேம்ப்சைட் இரண்டையும் எடுத்துத் தர ஆளுக்கு 120 டாலர் கேட்கிறார். பெர்மிட் இல்லாமல் போனால் ரேஞ்சர் அபராதம் போடுவார் என்றும், இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றும் சொல்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பாதையில் நடக்க பெர்மிட் என்று ஒன்று கிடையவே கிடையாது. கட்டணம் கிடையாது. பாதையோரமுள்ள கேம்ப்சைட்டுகளுக்கு முன்பதிவும் கிடையாது. உங்களால் முடியாததை அவர் முடித்துத் தரவில்லை. இல்லாத ஒன்றை உங்களுக்கு விற்கிறார்.

டுலூத்துக்குத் தெற்கே விஸ்கான்சின் எல்லையில் தொடங்கி கனடா எல்லைக்குப் பக்கம் வரை 300 மைலுக்கு மேல் போகும் பாதை இது. 1986-இல் தொடங்கிய சுப்பீரியர் ஹைக்கிங் டிரெயில் அசோசியேஷன் தன்னார்வலர்களை வைத்து இதைப் பராமரிக்கிறது. விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவதும், சேற்றின்மேல் பலகை போடுவதும் அவர்கள்தான். 120 டாலரைக் கொடுத்தே தீர வேண்டும் என்று மனசு சொன்னால் அவர்களுக்கு நன்கொடையாகக் கொடுங்கள்.

கேம்ப்சைட் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கூடாரம் போட நிரவிய சில இடங்கள், நடுவில் நெருப்பிடம், சுற்றி உட்கார மரக்கட்டை. மரங்களுக்குள் கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் சுவரும் கூரையும் இல்லாத ஒரு கழிப்பறைப் பெட்டி. டாய்லெட் பேப்பர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். முதலில் வந்தவர் நல்ல இடத்தை எடுத்துக்கொள்வார். ஆனால் அடுத்து வருகிறவருக்கு நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். முழு கேம்ப்சைட்டையும் எங்களுக்கென்று பிடித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதை நேரில் பார்த்தவன் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை மாலை, சில்வர் பே ஊருக்கு மேலே பேர் லேக் என்ற ஏரியின் கரையில் இரண்டு குடும்பங்கள் வந்து நின்றார்கள். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட கலர் பிரிண்ட். அதில் கேம்ப்சைட் பெயர், தேதி, க்யூஆர் கோடு எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஏற்கெனவே அங்கே கூடாரம் அடித்திருந்தவர்கள் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு சீட்டை யாருமே பார்த்ததில்லை. கடைசியில் எல்லோரும் நெருங்கிக்கொண்டு இடம் கொடுத்தோம். கூடாரக் கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அந்தத் தாளுக்கு அவர்கள் கொடுத்த பணம் போனது போனதுதான். அதைவிட, அந்தத் தாளை நம்பி இருட்டும் நேரத்துக்கு, வேறு ஏற்பாடு எதுவும் இல்லாமல், சிறு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்கு அரசு அலுவலகங்களும் ஒரு காரணம். ஏரி ஒன்று, கரை நெடுக ஆளுக்கொரு சட்டம். மிச்சிகன் பக்கம் பிக்சர்டு ராக்ஸ் தேசிய ஏரிக்கரைப் பகுதியில் இரவு தங்க உண்மையிலேயே பெர்மிட் வேண்டும், முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஏரிக்குள் இருக்கும் ஐல் ராயல் தீவில் சிறு குழுவுக்குத் தங்கும் பெர்மிட் இலவசம், ஆனால் பூங்காவுக்கு நாள் கட்டணம் தனி. கனடாவின் ஒன்டாரியோ பக்கம் போனால் மாகாணப் பூங்காவுக்கு ஓர் இணையதளம், புகாஸ்க்வா தேசியப் பூங்காவுக்கு இன்னொரு தளம். எந்தக் கரையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுவைக்க இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 'சுப்பீரியர் ஏரி பெர்மிட்' என்று தேடுகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? ரேஞ்சர், அபராதம் என்று உங்களிடம் சொன்னவர் பிக்சர்டு ராக்ஸ் விதியை எடுத்து உங்கள் பாதையில் ஒட்டிவிட்டார்.

சரி, ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. அதில் நிறையப் பேர் தடுக்கி விழுவதால் விளக்கமாகவே சொல்கிறேன். இந்தப் பாதை வழியில் மாநிலப் பூங்காக்களுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. பூங்கா வழியாக நடந்து போவதற்குக் காசு வேண்டாம். பூங்காவின் கேம்ப்சைட்டில் தங்கினால்தான் முன்பதிவும் கட்டணமும். கூஸ்பெரி ஃபால்ஸ், டெட்டகூஷ் மாதிரிப் பெரிய பூங்காக்களில் இதில் குழப்பம் வராது. கார் நிற்கும், எண் போட்ட கம்பம் இருக்கும், பார்த்தாலே தெரியும். குழப்பம் வருவது ஜார்ஜ் கிராஸ்பி மானிடூ பூங்காவில். அங்கே கேம்ப்சைட்டுகளுக்குக் கார் போகாது, நடந்துதான் போக வேண்டும். மானிடூ ஆற்றோரம், காட்டுக்குள், அதே மாதிரி நெருப்பிடத்தோடு இருக்கும். இலவச இடம் என்று நினைத்துக் கூடாரத்தை விரித்துவிடுவீர்கள். ஆனால் அது மாநிலத்தின் இடம், அன்றைக்கு வேறு ஒருவர் பதிவு செய்திருப்பார். அதனால் ஃபின்லாந்து ஊரைத் தாண்டி வடக்கே போகும் எண்ணமிருந்தால், அந்த ஓர் இரவை மட்டும் மின்னசோட்டா மாநிலப் பூங்காக்களின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். 120 நாள் முன்பிருந்தே திறந்திருக்கும். பத்து நிமிட வேலை, இதற்கும் ஆள் தேவையில்லை. பூங்காவுக்குள் காரை நிறுத்தினால் வாகன அனுமதி வேண்டும். 

என்னைக் கேட்டால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சில்வர் பே முதல் ஃபின்லாந்து வரை சுமார் 25 மைல். மூன்று இரவுக்கு அளவாக இருக்கும். பேர் லேக், பீன் லேக் இரண்டையும் பாறை உச்சியிலிருந்து பார்ப்பதற்கே உங்கள் மகன் உங்களுக்கு நன்றி சொல்வான். வெள்ளி, சனி இரவுகளில் அந்த ஏரிகளின் கரையில் தங்கத் திட்டமிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் பெரும்பாலும் இடம் தாராளமாகக் கிடைக்கும். தினமும் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் நடையை நிறுத்திவிடுங்கள். மரத்தில் நீலப் பட்டை பிரதான பாதை, வெள்ளைப் பட்டை கிளைப் பாதை. இது ஒன்று தெரிந்தால் வழி தவறாது.

காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஷட்டில் வண்டி. நடை முடியும் இடத்தில் உங்கள் காரை நிறுத்திவிட்டு, வண்டியில் ஏறித் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தொடங்கும் இடத்தில் காரை விட்டுவிட்டு, கடைசி நாள் இத்தனை மணிக்கு வண்டி வரும் என்று கால் கொப்புளத்தோடு ஓடுகிறார்கள். அங்கே பல இடங்களில் போனில் சிக்னல் வராது, தாமதமானால் சொல்லவும் வழியில்லை. ஷட்டிலை அதை நடத்துகிறவர்களிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இதற்குள்ளும் தரகர் நுழையப் பார்ப்பார்.

தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். ஜூலை கடைசியில் சின்ன ஓடைகள் வற்றியிருக்கலாம், அசோசியேஷனின் தளத்தில் பாதை நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கரடிகள் உண்டு. புளிசாதம், ஊறுகாய் மட்டுமில்லை, பற்பசை, சோப்பு என்று மணம் வரும் எதுவும் இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. சுப்பீரியர் ஏரி ஜூலையிலும் உறைய வைக்கும் குளிர், மகனை நீந்த விடாதீர்கள்.

அப்புறம், உங்கள் குழுவில் யாராவது அவருக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அவர்களிடம் இன்றே பேசுங்கள். கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிட்டு, சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று ஆட்சேபம் பதிவு செய்யச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) சேவையில் அனுப்பியிருந்தால் வங்கி வழியாகத் திரும்ப வாங்குவது கடினம். அவரிடமே எழுத்தில் கேளுங்கள்: எந்த அலுவலகம் கொடுத்த பெர்மிட், அதன் எண் என்ன, எந்தத் தளத்தில் சரிபார்ப்பது? பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னசோட்டா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது அதுதான் சாட்சி.